எந்தப் பெர்னூலி?

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1460-ல் தொடங்கிய பழைய பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. அங்கே கணிதப் பேராசிரியர் பதவி 1687 முதல் 1790 வரை, இடையில் விடாமல் 103 ஆண்டுகள், ஒரே வீட்டுக்காரர்களிடம் இருந்தது. முதலில் அண்ணன். அவர் காலமானதும் தம்பி. தம்பிக்குப் பிறகு தம்பியின் மகன். மூவருக்கும் குடும்பப் பெயர் பெர்னூலி. இவர்களைச் சுற்றி அதே பெயரோடு இன்னும் ஐந்து கணிதக்காரர்கள். ஆக, மூன்று தலைமுறையில் எட்டுப் பேர்.

நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. பிளஸ் ஒன் இயற்பியலில் பாய்மங்களைப் பற்றிப் படிக்கும்போது பெர்னூலி தேற்றம் வரும். பிளஸ் டூ கணிதத்தில் நிகழ்தகவுப் பாடத்தில் பெர்னூலி முயற்சி வரும். பொறியியல் கல்லூரிக்குப் போனால் பெர்னூலி வகைக்கெழுச் சமன்பாடு, உத்தரம் வளைவதைக் கணக்கிடும் ஆய்லர்-பெர்னூலி கோட்பாடு. கணினி அறிவியல் பக்கம் போனால் பெர்னூலி எண்கள். பெரும்பாலான மாணவர்கள் இத்தனையையும் ஒரே மனிதர் கண்டுபிடித்தார் என்றுதான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பாடப்புத்தகத்தில் வெறுமனே பெர்னூலி என்று போட்டிருந்தால் பிள்ளைகள் வேறென்ன நினைப்பார்கள்? டீயை ஆற்றிக்கொண்டே கேளுங்கள். யார் யார் என்ன செய்தார்கள் என்று நிதானமாகப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

குடும்பத்தின் பூர்வீகம் பாசல் அல்ல. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப் நகரத்துப் புராட்டஸ்டண்ட் வணிகர்கள் இவர்கள். ஸ்பானிய ஆட்சியின் மத அடக்குமுறைக்குத் தப்பி ஊரைவிட்டுக் கிளம்பிய குடும்பம், 1622 வாக்கில் பாசலில் நிலைகொண்டது. வாசனைச் சரக்கு வியாபாரம். 1623-ல் பிறந்த நிக்கோலஸ் பெர்னூலி அந்த வியாபாரத்தை நடத்தியதோடு நகர சபையிலும் இருந்தார். இவருடைய பிள்ளைகளில் மூவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 1654-ல் பிறந்த யாக்கோப், ஓவியரான நிக்கோலஸ், 1667-ல் பிறந்த யோகான்.

தாத்தா பெயரைப் பேரனுக்கும் பெரியப்பா பெயரைத் தம்பி மகனுக்கும் வைக்கும் வழக்கம் அந்த ஊரிலும் உண்டு. விளைவு, கணிதக்காரர்களில் மட்டுமே இரண்டு யாக்கோப், இரண்டு நிக்கோலஸ், மூன்று யோகான். டேனியல் என்ற பெயர்தான் ஒற்றையாக நிற்கிறது. அதனால் வரலாற்று நூல்கள் அரசர்களுக்குப் போடுவதுபோல முதலாம் யோகான், இரண்டாம் யோகான், மூன்றாம் யோகான் என்று எண் போடுகின்றன.

மூத்தவர் யாக்கோபிலிருந்து தொடங்குவோம். அப்பா இவரை மதகுருவாக்க நினைத்தார். பையன் இறையியல் படித்து முடித்தான். ஆனால் மனம் முழுக்கக் கணக்கிலும் வானியலிலும். தந்தையின் விருப்பத்துக்கு மாறாக விண்மீன்களைப் படிக்கிறேன் என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகத்தைத் தன் அடையாள வாசகமாகவே வைத்துக்கொண்டார். 1684-ல் லைப்னிட்ஸ் நுண்கணிதத்தைப் பற்றிச் சில பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டபோது ஐரோப்பாவில் அது பலருக்குப் புரியவில்லை. அதை உட்கார்ந்து பிரித்து மேய்ந்து, இதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று முதலில் கண்டுகொண்டவர்கள் யாக்கோபும் அவரிடம் கணிதம் கற்ற தம்பி யோகானும்தான்.

யாக்கோபின் சிந்தனை எப்படி ஓடியது என்பதற்கு ஒரு வட்டிக் கணக்குப் போதும். ஒரு ரூபாயை ஆண்டுக்கு நூறு சதவீத வட்டிக்குக் கொடுக்கிறோம். ஆண்டு முடிவில் ஒரே தடவை வட்டி சேர்த்தால் 2 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஐம்பது சதவீதமாகப் பிரித்துச் சேர்த்தால் 2.25. மாதா மாதம் சேர்த்தால் 2.61. தினம் தினம் சேர்த்தால் 2.71. அப்படியானால் நொடிக்கு நொடி, இமைக்கு இமை சேர்த்துக்கொண்டே போனால் பணம் கட்டுக்கடங்காமல் பெருகுமா? பெருகாது. அது 2-க்கும் 3-க்கும் இடையில் ஓர் இடத்தில் போய் முட்டிக்கொள்ளும் என்று யாக்கோப் காட்டினார். இன்று 2.718 என்று தொடங்கி முடிவில்லாமல் ஓடும் அந்த எண், மக்கள்தொகைப் பெருக்கம் முதல் கதிரியக்கத் தேய்வு வரை எல்லாக் கணக்கிலும் வருகிறது. அதற்கு ஓர் எழுத்தைப் பெயராகக் கொடுத்துப் பிரபலப்படுத்தியவர் பின்னால் வந்த ஆய்லர். கேள்வியை எழுப்பியவர் யாக்கோப்.

ஆனால் யாக்கோபின் பெரிய சாதனை நிகழ்தகவில் இருக்கிறது. ஒரு பானையில் 3,000 வெள்ளைக் கூழாங்கற்களும் 2,000 கறுப்புக் கூழாங்கற்களும் இருக்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுவிட்டு மறுபடி எடுக்கிறீர்கள். எடுக்க எடுக்க, வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு இரண்டை நெருங்கும் என்பது படிக்காதவருக்கும் தெரியும், அதில் என்ன புதுமை என்று யாக்கோபே கேட்டுக்கொள்கிறார். புதுமை எங்கே என்றால், எத்தனை தடவை எடுத்தால் எவ்வளவு உறுதி கிடைக்கும் என்று கணக்குப் போட முடியும் என்பதில். வெள்ளைக் கல்லின் பங்கு உண்மையான ஐந்தில் மூன்றிலிருந்து ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விலகாது என்று ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவு உறுதியோடு சொல்ல வேண்டுமானால், 25,550 தடவை எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டார். இன்று இருக்கும் முறைகளில் இதைவிட மிகக் குறைந்த எண்ணிக்கையே போதும். ஆனாலும் தேர்தல் கருத்துக்கணிப்பு, மருந்துச் சோதனை, காப்பீட்டுக் கட்டணம் எல்லாம் நிற்பது இந்தப் பெரும் எண்களின் விதியின் மேல்தான். இருபது ஆண்டுகள் இதை மனத்தில் போட்டு உருட்டியிருக்கிறார் மனிதர். வெற்றி அல்லது தோல்வி, வெள்ளை அல்லது கறுப்பு என்று இரண்டே விடை உள்ள ஒவ்வொரு எடுப்பும்தான் நம் பிளஸ் டூ புத்தகத்துப் பெர்னூலி முயற்சி.

1705-ல் அவர் இறந்தபோது இந்த ஆராய்ச்சி அடங்கிய நூல் முடிவுபெறாமலே கிடந்தது. ஆர்ஸ் கன்ஜெக்டாண்டி என்ற அந்த லத்தீன் நூல் எட்டு ஆண்டுகள் கழித்து 1713-ல்தான் அச்சானது. பெர்னூலி எண்களும் அதில்தான் வெளிவந்தன. அவற்றைக் கொண்டு 1 முதல் 1,000 வரையிலான எண்களின் பத்தாம் அடுக்குகளைக் கூட்டும் வேலையை அரைக்கால் மணி நேரத்துக்குள், அதாவது ஏழரை நிமிடத்துக்குள், முடித்ததாக எழுதியிருக்கிறார். விடை 32 இலக்க எண். கணிப்பான் இல்லாத காலம் அது.

பாசல் தேவாலய வளாகத்தில் அவருடைய நினைவுக் கல்லை இன்றும் பார்க்கலாம். எவ்வளவு பெரிதானாலும் வடிவம் மாறாத மடக்கைச் சுருள் என்ற வளைகோட்டின் மேல் அவருக்கு அளவுகடந்த மோகம். அதைத் தன் கல்லில் செதுக்கச் சொல்லியிருந்தார். கல் தச்சர் செதுக்கியதோ, சுற்றுக்குச் சுற்று சம இடைவெளி விடும் ஆர்க்கிமிடீஸ் சுருளை. கணக்காசிரியர் ஒருவரின் கல்லில் தவறான வளைகோடு நிரந்தரமாகப் பதிந்துவிட்டது. எனக்கு அதை நினைத்தால் வருத்தமாகவே இருக்கும்.

இனி தம்பி யோகான். அண்ணனைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். வியாபாரத்துக்கு அனுப்பினார்கள், சரிவரவில்லை. மருத்துவம் படித்துத் தசைகளின் இயக்கம் பற்றி ஆய்வேடு எழுதினார். ஆனால் அண்ணனிடம் கற்ற கணிதம்தான் உயிர். கற்று முடித்ததும் அண்ணனுக்குச் சமம் என்ற எண்ணம் வந்துவிட்டது. அண்ணனோ இவரைக் கடைசிவரை தன் மாணவனாகவே நடத்தினார். இருவரும் நேரில் பேசிய சண்டை கொஞ்சம். அச்சில், ஊரறிய, அறிவியல் இதழ்களில் போட்ட சண்டை ஏராளம்.

1696-ல் யோகான் உலகக் கணிதக்காரர்கள் அனைவருக்கும் ஒரு சவால் விட்டார். மேலே ஒரு புள்ளி, கீழே சற்றுத் தள்ளி இன்னொரு புள்ளி. ஒரு மணி கம்பியில் உராய்வின்றி வழுக்கி இறங்குகிறது. மிகக் குறைந்த நேரத்தில் வந்து சேர வேண்டுமானால் கம்பியை எந்த வடிவத்தில் வளைக்க வேண்டும்? நேர்கோடுதான் குறுகிய தூரம். ஆனால் குறுகிய நேரம் அல்ல. முதலில் செங்குத்தாக விழுந்து வேகம் எடுத்துக்கொண்டு பிறகு சாய்வது லாபம். சரியான விடை, உருளும் சக்கரத்தின் விளிம்பில் உள்ள ஒரு புள்ளி காற்றில் போடும் வளைகோடு. லண்டன் நாணயச் சாலையில் வேலை முடித்துக் களைத்து வீடு திரும்பிய நியூட்டன், 1697 ஜனவரி மாதத்தில் ஒரே இரவில் இதைத் தீர்த்துப் பெயர் போடாமல் அனுப்பினார் என்பது அவருடைய உறவுப் பெண் சொல்லிவைத்த செய்தி. லைப்னிட்ஸும் தீர்த்தார். அண்ணன் யாக்கோபும் தீர்த்தார். யோகானின் தீர்வு, ஒளி வளைந்து செல்லும் விதத்தோடு ஒப்பிட்டுக் காட்டிய அழகான குறுக்குவழி. யாக்கோபின் தீர்வு கரடுமுரடு. ஆனால் அதே முறை வேறு நூறு கணக்குக்கும் பொருந்தும். மாறுபாட்டு நுண்கணிதம் என்ற தனித்துறை வளர்ந்தது அந்தக் கரடுமுரடான வழியில்தான். என்னைக் கேட்டால் இந்தப் போட்டியில் ஜெயித்தவர் அண்ணன்.

யோகானின் பெயர் காணாமல் போன இடம் ஒன்று உண்டு. பின்னத்தின் மேலும் கீழும் ஒருசேரப் பூச்சியம் ஆகும்போது இரண்டையும் தனித்தனியே வகையிட்டு விடை காணும் விதியைப் பிளஸ் டூவில் லோபிதால் விதி என்று படிக்கிறோம். லோபிதால் ஒரு பிரெஞ்சுப் பிரபு, கணித ஆர்வலர். யோகானுக்கு ஆண்டுக்கு 300 லிவர் கொடுத்து, புதிய கண்டுபிடிப்புகளைத் தனக்கு எழுதியனுப்ப வேண்டும், வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்று 1694-ல் ஒப்பந்தம் பேசிக்கொண்டார். இளைஞர் யோகானுக்குப் பணம் தேவைப்பட்டது. 1696-ல் லோபிதால் வெளியிட்ட முதல் நுண்கணிதப் பாடநூலில் அந்த விதி ஏறியது. முன்னுரையில் பெர்னூலிகளுக்கு நன்றி சொல்லியிருந்தார். எந்த விதி யாருடையது என்று சொல்லவில்லை. லோபிதால் இறந்த பிறகு யோகான் உரிமை கொண்டாடியபோது ஊர் நம்பவில்லை. சண்டைக்காரர் என்ற பெயர் வாங்கியவரின் பேச்சு எடுபடுமா? பாசலில் கிடைத்த அவருடைய பழைய விரிவுரைக் குறிப்புகள் 1922-ல் அச்சேறிய பிறகுதான் அவர் சொன்னது உண்மை என்று உறுதியானது. இருநூறு ஆண்டுகள் தாமதம்.

அந்த யோகானுக்கே இன்னொரு பக்கமும் உண்டு. பாசலில் ஒரு பாதிரியார் மகனுக்குச் சனிக்கிழமை பிற்பகல்களில் சந்தேகம் தீர்த்துவைத்தார். அந்தப் பையன்தான் லெயோனார்டு ஆய்லர்.

ஓவியர் நிக்கோலஸின் மகனுக்கும் பெயர் நிக்கோலஸ். பெரியப்பா யாக்கோபின் நூலை 1713-ல் அச்சுக்குக் கொண்டுவந்தவர் இவர். அதே ஆண்டு ஒரு கடிதத்தில் ஒரு சூதாட்டப் புதிர் போட்டார். இன்று சொல்லப்படும் வடிவத்தில் அது இப்படி: நாணயத்தைச் சுண்ட வேண்டும். முதல் தடவையே தலை விழுந்தால் 1 ரூபாய்; இரண்டாம் தடவைதான் விழுந்தால் 2; மூன்றாம் தடவை என்றால் 4; இப்படி இரட்டித்துக்கொண்டே போகும். இந்த ஆட்டத்தில் சேர எவ்வளவு கட்டணம் கொடுக்கலாம்? கணக்குப்படி ஒவ்வொரு சுற்றும் அரை ரூபாய் மதிப்பைச் சேர்க்கிறது. சுற்றுகளுக்கு முடிவில்லை, ஆகவே ஆட்டத்தின் மதிப்பு முடிவிலி. ஆனால் நிதானமான யாரும் இருபது ரூபாய்க்கு மேல் கொடுக்க யோசிப்பார்கள். கணக்கு தப்பா, மனிதர்கள் தப்பா?

இதற்கு 1738-ல் விடை எழுதியவர் யோகானின் மகன் டேனியல். ஆயிரம் ரூபாய் அன்றாடக் கூலிக்காரருக்குத் தரும் பயன் வேறு, கோடீஸ்வரருக்குத் தரும் பயன் வேறு. பணத்தின் தொகையைப் பெருக்காதே, அது அவருக்குத் தரும் பயனைப் பெருக்கு என்றார். பொருளியலில் இன்று பயன்பாட்டுக் கோட்பாடு என்று பாடம் நடத்துகிறார்களே, அதன் ஊற்று இங்கே. கட்டுரை பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழக வெளியீட்டில் வந்ததால் பீட்டர்ஸ்பர்க் புதிர் என்று பெயர் விழுந்தது. கேள்வி நிக்கோலஸுடையது, பதில் டேனியலுடையது.

டேனியலின் கதையில்தான் மனம் கனக்கும். 1700-ல் பிறந்தார். இவரும் மருத்துவம் படித்தவர். 1725-ல் அண்ணன் இன்னொரு நிக்கோலஸோடு பீட்டர்ஸ்பர்க் போனார். மறு ஆண்டே அண்ணன் காய்ச்சலில் இறந்துபோனார். அந்தக் குளிரிலும் துயரத்திலும் ஆய்லரின் துணையோடு வேலை செய்தார். 1733-ல் ஊர் திரும்பினார். பாரிஸ் அறிவியல் கழகத்தின் 1734-ம் ஆண்டுப் பரிசு தந்தைக்கும் மகனுக்கும் சரிபாதியாகக் கிடைத்தது. மகனைத் தனக்குச் சமமாக வைத்துவிட்டார்களே என்று தந்தைக்குப் பொறுக்கவில்லை. மகனை வீட்டைவிட்டே வெளியேற்றினார் என்று சொல்வார்கள். அண்ணனிடம் தான் எந்த அவமதிப்பை அனுபவித்தாரோ அதையே மகனுக்குச் செய்தார்.

1738-ல் டேனியலின் ஹைட்ரோடைனமிக்கா வெளிவந்தது. பாய்மத்தின் வேகம் எங்கே கூடுகிறதோ அங்கே அழுத்தம் குறைகிறது என்ற கருத்து இதில்தான் இருக்கிறது. பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். இப்படிப் பாருங்கள்: அகலமான குழாயிலிருந்து குறுகிய குழாய்க்குள் தண்ணீர் நுழைகிறது. அதே அளவு தண்ணீர் குறுகலான இடத்தில் கடந்தாக வேண்டும், ஆகவே வேகம் எடுக்க வேண்டும். வேகம் எடுக்க வேண்டுமென்றால் பின்னாலிருந்து தள்ளும் அழுத்தம் முன்னால் தடுக்கும் அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஆக, வேகமான குறுகிய பகுதியில் அழுத்தம் குறைவு. வாசனைத் திரவியம் பீய்ச்சும் குப்பியும் பழைய பைக்கின் கார்புரேட்டரும் வேலை செய்வது இப்படித்தான். விமான இறக்கையின் மேலும் கீழும் பிரிந்த காற்று பின்முனையில் ஒரே நேரத்தில் சந்தித்தாக வேண்டும், அதனால் மேல்காற்று வேகமாக ஓடுகிறது என்று பல புத்தகங்களில் இருக்கும் விளக்கம் தவறு. அப்படிச் சந்திக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. டேனியல் அப்படி எழுதவும் இல்லை.

அந்த நூலின் முகப்புப் பக்கத்தைப் பாருங்கள். நூலாசிரியர் பெயருக்கு அருகிலேயே லத்தீனில் 'யோகானின் மகன்' என்று அச்சிட்டிருக்கிறார். நாம் தந்தையின் பெயரை இனிஷியலாக முன்னால் போடுவதுபோல. வீட்டைவிட்டு விரட்டியவரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்தே உலகத்தின் முன் வைத்தார்.

தந்தை இறங்கிவரவில்லை. சில ஆண்டுகளில் ஹைட்ராலிக்கா என்று தன் நூலை வெளியிட்டு, அது 1732-லேயே எழுதியது என்று ஆண்டு போட்டார். மகனுக்கு முன்பே எழுதிவிட்டதாகக் காட்டத்தான் அது. டேனியல் மனமுடைந்து, தன் உழைப்பு முழுவதும் கொள்ளைபோய்விட்டதாக ஆய்லருக்கு எழுதினார். நியாயமாகச் சொல்வதென்றால் யோகானின் நூல் வெறும் நகல் அல்ல. குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை மகனைவிடத் தெளிவாகவே அணுகியிருந்தார். இன்று நாம் கரும்பலகையில் எழுதும் வடிவத்தைக் கொடுத்தவரோ ஆய்லர். ஆனால் தேதியை முன்தள்ளிப் போட்டது பெரிய பாவம்.

டேனியல் ஒடிந்து உட்கார்ந்துவிடவில்லை. பாரிஸ் பரிசை மொத்தம் பத்து முறை பெற்றார். 1760-ல், ஜென்னரின் தடுப்பூசி வருவதற்கு வெகு முன்னால், பெரியம்மைக் கிருமியை லேசாகச் செலுத்திக்கொள்ளும் பழைய அம்மைப்பால் முறை நல்லதா என்று ஐரோப்பாவே விவாதித்துக்கொண்டிருந்தது. அம்மை வராதவர்களில் ஆண்டுக்கு எட்டில் ஒருவருக்கு அம்மை வருகிறது, வந்தவர்களில் எட்டில் ஒருவர் இறக்கிறார் என்று வைத்துக்கொண்டு அவர் கணக்குப் போட்டார். பெரியம்மை இல்லாமல் போனால் சராசரி ஆயுள் 26 ஆண்டு 7 மாதத்திலிருந்து 29 ஆண்டு 9 மாதமாக உயரும் என்று காட்டினார். தொற்றுநோய்க் கணிதத்துக்கு அதுவே முன்னோடி. கோவிட் காலத்தில் தொலைக்காட்சியில் பார்த்தோமே வளைகோடுகள், அவற்றின் வேர் அங்கே போகிறது.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டேனியலின் தம்பி இரண்டாம் யோகான் 1748-ல் தந்தையின் பதவிக்கு வந்து 1790 வரை இருந்தார். அவர் மகன் மூன்றாம் யோகான் பெர்லினில் வானியலாளர். இன்னொரு மகன் இரண்டாம் யாக்கோப் பீட்டர்ஸ்பர்க் போய், ஆய்லரின் பேத்தியை மணந்து, மணமான சில வாரங்களிலேயே 1789-ல் நேவா ஆற்றில் மூழ்கி இறந்தார். அப்போது அவருக்கு வயது 29.

இவர்கள் தங்களுக்குள் வாழ்நாள் முழுக்கப் போராடியது ஒன்றே ஒன்றுக்குத்தான்: இது யாருடையது என்று உலகம் சரியாகச் சொல்ல வேண்டும். குடும்பப் பெயரை மட்டும் சொல்லி நாம் அதை அழித்துவிடுகிறோம். பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பாய்மத் தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதும்போது டேனியல் என்றும், நிகழ்தகவுப் பாடத்தில் யாக்கோப் என்றும் முன்னால் ஒரு சொல் சேர்த்து எழுதுங்கள். லோபிதால் விதி நடத்தும் அன்று யோகானின் பெயரையும் ஒருதரம் சொல்லிவிடுங்கள்.